நின்றால் எண்ணெய் குறையாது

"மழை தூறுது போலிருக்குங்க," என்றாள் என் மனைவி. ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். கண் திரையில் இருந்தது, விரல்கள் கீபோர்டில் இருந்தன. காது மட்டும் வெளியே இருந்திருக்க வேண்டும்.

"மாடியில துணி காயுதே. நான் போறேன்," என்றேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க போனா பாதி கிளிப்பைக் கீழ போட்டுட்டு வருவீங்க. போன தடவை என் தலையணை உறை பக்கத்து வீட்டு மரத்துல போய் உக்காந்துச்சு. நானே போறேன்." நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். வாசல் வரை போனவள் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். "எதையும் தொட்டுடாதீங்க. பாதியில நிக்குது. வந்து முடிச்சுக்கறேன்."

செருப்பு போடாமல் படியேறும் சத்தம் கேட்டது. நான் பீன்ஸை முடித்துவிட்டுக் காரட்டை எடுத்தேன்.

மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியபோது காரட்டில் பாதி மிச்சம் இருந்தது. நான் மேலே போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துணிகள் எல்லாம் மடித்து மடியில் இருந்தன. கிளிப்புகளை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. தூறல் அதற்குள் நின்றுபோயிருந்தது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வலித்திருக்காது என்றும் சொன்னார்கள். அதை எல்லாரிடமும் சொல்வார்கள் போல.

என் மனைவிக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. பம்ப் அறையில் உட்கார்ந்து, பூமிக்கடியில் ஓடும் குழாய்களைக் கவனிக்கும் வேலை. குழாயை அவள் கண்ணால் பார்த்ததில்லை. திரையில் எழுத்து வரும்: நாலாம் வால்வு திறந்துள்ளது, பெருந்தொட்டியில் நீர் ஏறுகிறது. அவ்வளவுதான். கூட வேலை பார்ப்பவர்களுக்கு அது சலிப்பு. இவளுக்கோ அந்த வரிகளைப் படிக்கும்போது இருட்டும் ஈரமும் துரு வாசனையும் வந்து நின்றுவிடுமாம். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் வைத்து, தானாகவே கற்றுக்கொண்டு ஒரு விளையாட்டை எழுதினாள். படமே இல்லாத விளையாட்டு. எல்லாம் எழுத்துதான். பெயர் பாதாளம். எங்கெங்கோ இருப்பவர்கள் இணையம் வழியாக அந்தக் கணினிக்குள் வருவார்கள். 'வடக்கு' என்று தட்டினால் வடக்கே போகலாம். அங்கே என்ன இருக்கிறது என்று நாலு வரி வரும். மறுபடி ஏதாவது தட்ட வேண்டும். எடு, திற, தள்ளு, ஓடு.

"இன்னைக்கு உன் பாதாளத்துல எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்பேன்.

"ஒருத்தர்தான். தானா போய்க் குழியில விழுந்தா நான் என்ன பண்றது?" என்பாள். தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாரையோ அடித்துவிட்டு வந்ததைச் சொல்லும் அம்மாவின் குரல்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்காக என் கண்ணைத் தேய்த்துவிட்டு வருவதால் வீட்டில் திரையைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அதனால் நான் விளையாடியதில்லை. ஆனால் ஒவ்வோர் அறையையும் எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக்காட்டுவாள். நான் காய் நறுக்கிக்கொண்டோ சட்டை தேய்த்துக்கொண்டோ கேட்பேன். வாசித்துவிட்டு, "இப்ப எந்தப் பக்கம் போவீங்க?" என்பாள். சொல்வேன்.

"செத்தீங்க. போய் டீ போடுங்க."

அதுதான் தண்டனை. எங்கள் வீட்டில் நான் போட்ட டீயில் பாதி, பாதாளத்தில் விழுந்து செத்ததற்காகப் போட்டது. முக்கியமாக இரண்டு வாய்க்கால் பிரியும் அறையில் கிழக்கே போக வேண்டிய இடத்தில் எப்போதும் மேற்கே போவேன். "கிழக்கு மேற்கு தெரியாத மனுஷனுக்குக் கழுத்தை நீட்டிட்டேன்" என்று அதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். அவளுடைய ஊர் பெரும்பாலும் அந்தத் திரைக்குள்தான் இருந்தது.

பாதாளம் முழுக்க ஒரே ஒரு விளக்குதான். அது அவள் வைத்த சட்டம். விளக்கு இருக்கும் அறையில் மட்டும்தான் கண் தெரியும். மற்ற இடத்தில் எதைத் தட்டினாலும் 'இருட்டு. எதுவும் தெரியவில்லை' என்றுதான் வரும். அதனால் எல்லாரும் கூட்டமாகத்தான் போக வேண்டும். விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பது பெரும்பாலும் இவள்தான். ஆகவே அங்கே இவள் பெயர் விளக்கக்கா. நடக்க நடக்க எண்ணெய் குறையும். நின்றால் குறையாது. யாரும் எவ்வளவு நேரம் சும்மா நின்றாலும் விளையாட்டு அவர்களை வெளியே தள்ளாது. ஏன் இப்படி ஒரு சலுகை என்று கேட்டேன்.

"அடுப்புல பால் வச்சவங்களும் ஆடணும்ல? குழந்தை அழும், யாராவது கதவைத் தட்டுவாங்க, எழுந்து போகணும். வர்ற வரைக்கும் விளக்கு எரியட்டும்."

அவள் போன பிறகு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் அவள் தம்பி மட்டும் வேலை தேடித் தேடிச் செய்தான். போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். கை சும்மா இருக்காது. கடைசியில் சாமான் அறைக்குள் போனான்.

"மாமா, அக்கா கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருக்கு. தொட்டா சுடுது. அணைச்சிடட்டுமா?"

"தொடாதே!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "சரி மாமா. சுடட்டும்."

எல்லாரும் கிளம்பிப் போனபின் ஒரு மத்தியானம் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் தள்ளிவிட்டு எழுந்த கோணத்திலேயே இருந்ததை நகர்த்தாமல், ஒருக்களித்து உட்கார்ந்தேன். திரையில் மேல்பகுதி முழுக்க எழுத்து ஓடியிருந்தது. அடியில், தட்டுகிற இடத்தில், ஒரே ஒரு சொல். அதற்குப் பின்னால் ஒரு கோடு மின்னி மின்னி அணைந்தது.

விளக்கை

அவ்வளவுதான். விளக்கை என்ன செய்ய நினைத்தாள் என்பது அதில் இல்லை.

மௌஸை மட்டும் மெதுவாக உருட்டி மேலே போய்ப் படித்தேன். அவள் துணி எடுக்கப் போன அந்தச் சனிக்கிழமை மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். இவள், மூட்டை, பல்லி. மூட்டை என்பவர் பேருந்து ஓட்டுபவர் என்று சொல்லியிருக்கிறாள். கண்டதையெல்லாம் எடுத்துச் சுமப்பார். பல்லி ஒரு டீச்சர். எப்போதும் சுவரோரமாகவே போவார். இரண்டு பேரின் முகமும் சொந்தப் பெயரும் அவளுக்கும் தெரியாது. மூவரும் பாதாளத்தின் கடைசி அறையான அடிக்கிணற்றுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

'இங்க மழை வர்ற மாதிரி இருக்கு. உங்க பக்கம் எப்படி?' என்று இவள் கேட்டிருந்தாள்.

'வெயில் மண்டையப் பொளக்குது,' என்றிருந்தார் மூட்டை. 'அக்கா, விளக்கை என்கிட்ட குடுங்க. நான் முன்னால போறேன்.'

'வேணாம் அக்கா, அணைச்சிடுங்க. கிணத்துக்குள்ள ஏதோ அசையுது,' என்றிருந்தார் பல்லி.

அதற்குப் பதிலாகத்தான் இவள் அந்தச் சொல்லைத் தொடங்கியிருக்க வேண்டும். கொடுக்கவா, அணைக்கவா, தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் இல்லை. மற்றவர்கள் பேசியது மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது.

'அக்கா? அடுப்பா?'

'அக்கா, பால் பொங்கி, ஆறி, தயிராயிருக்கும். வாங்க.'

மறுநாள் விட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். அதற்கு மறுநாளும். விளக்கக்கா அதே இடத்தில் அசையாமல் நிற்கிறாள், விளக்கு எரிகிறது. எப்போதோ பல்லிக்குப் பொறி தட்டியிருக்கிறது.

'மூட்டையாரே, அக்கா எழுந்து போகல. இது விடுகதை.'

'என்னது?'

'கடைசி அறைல ஒரு பூட்டு வச்சிருக்கேன், சாவி உங்க கையிலதான் இருக்குன்னு சொன்னாங்கள்ல? அந்தப் பூட்டு அவங்களேதான். அவங்கள அசைய வைக்கணும்.'

'அடேங்கப்பா! அக்கா லேசுப்பட்ட ஆள் இல்ல.'

அங்கிருந்து அவர்கள் செய்ததையெல்லாம் விளையாட்டு ஒரு வரி விடாமல் எழுதிவைத்திருந்தது.

மூட்டை விளக்கக்காவுக்கு ரொட்டி கொடுக்கிறார். விளக்கக்கா வாங்கவில்லை.

பல்லி விளக்கக்காவுக்கு எலும்புச் சாவி கொடுக்கிறார். விளக்கக்கா வாங்கவில்லை.

பல்லி பாடுகிறார். எதிரொலி வருகிறது.

மூட்டை விளக்கக்காவின் காலில் விழுகிறார். எதுவும் நடக்கவில்லை.

'தாலாட்டு பாடிப் பாத்தாச்சு. திட்டிப் பாத்தாச்சு. உங்க சமையலே நல்லா இருக்காதுன்னும் சொல்லிப் பாத்தாச்சு. சிரிக்கவாவது வேணாமா?' என்று கேட்டிருந்தார் மூட்டை. அவரிடம் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் இறக்கிவைத்திருந்தார். சுமப்பதற்கென்றே ஆடும் மனிதர். கயிறு, மண்குடம், உடைந்த மணி, குருட்டு நாயின் பல். தரை நிறைந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். அவள் போனபின் அந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்ட சிரிப்பு அது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

தினமும் கடையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து படிப்பேன். கீபோர்டைத் தொடமாட்டேன். தூசி படிந்தபோதுகூட ஊதித்தான் தள்ளினேன். அவர்களிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால் சொல்வதற்கு இருந்த இடம் அந்த ஒரு வரிதான். அதில் நான் ஏதாவது தட்டினால் அவள் விட்டுப்போன சொல் போய்விடும். பேசுவதும் விளக்கக்காவாகத்தான் இருக்கும். செத்தவளின் வாயால் 'நான் செத்துவிட்டேன்' என்று எப்படிச் சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்துவிடுவேன். நாளைக்கும் அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்து படித்தபோது புதிதாக ஒன்று இருந்தது.

'கண்டுபிடிச்சிட்டேன்,' என்றிருந்தார் பல்லி. 'நாம எதைச் செய்யவே மாட்டோம்னு அக்காவுக்குத் தெரியும்? அவங்கள அடிக்க மாட்டோம். அதான் பூட்டு. அடிச்சா விளக்கு கீழ விழும். எடுத்துக்கிட்டுப் போகணும்.'

'அக்காவையா? மனசு வரலையே டீச்சரம்மா.'

'வரக்கூடாதுன்னுதான் வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க. கோடரி உங்ககிட்டதானே இருக்கு?'

பாதாளத்தில் வெட்டுப்பட்டு விழுந்தவரின் கையிலிருப்பதெல்லாம் தரையில் சிதறும். அவர் முதல் படிக்குத் தூக்கி எறியப்படுவார். அவருடைய திரை சுத்தமாகத் துடைக்கப்பட்டு, 'உன் பெயர் என்ன?' என்று புதிதாகக் கேட்கும். அந்தச் சொல் போய்விடும். அவள் விரல் கடைசியாகத் தொட்டுவைத்தது வேறு எதுவும் என்னிடம் இல்லை. மடித்த துணிகளைக்கூட யாரோ அலமாரியில் வைத்து, கலைத்துவிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அவள் தம்பியை வரச்சொன்னேன்.

"உன்கிட்ட பழைய லேப்டாப் ஏதாவது இருக்கா? நான் உங்க அக்கா விளையாட்டுக்குள்ள போகணும். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாம."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மாமா, நீங்க போன்ல அலாரம் வைக்கவே என்னைக் கூப்பிடற ஆளு."

"தெரியும். வச்சுக் குடுத்துட்டுப் போ."

வைத்துக்கொடுத்தான். போகும்போது வாசலில் நின்று, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். நம்பாமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பைச் சமையலறை மேடையில், நான் காய் நறுக்கும் இடத்தில் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தால் சாமான் அறையில் அவள் திரை தெரியும்.

உன் பெயர் என்ன?

என் பெயரை அடிக்கத்தான் போனேன். அங்கே அந்தப் பெயரை யாருக்குத் தெரியும்? அவள் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏங்க' என்று அடித்தேன்.

வா, ஏங்க. நீ முதல் படியில் நிற்கிறாய். இருட்டு. எதுவும் தெரியவில்லை.

விளக்கு அடிக்கிணற்றில் இருந்தது. வழியெங்கும் எனக்கு இந்த ஒரு வரிதான் கிடைக்கும். ஆனால் முதல் படியை எனக்குத் தெரியும். 'பதினெட்டுப் படிகளும் நடுவில் தேய்ந்திருக்கின்றன. உனக்கு முன்னால் நிறையப் பேர் பயந்துகொண்டே இறங்கியிருக்கிறார்கள்.' இதை அவள் வாசித்தபோது நான் ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே என்று தட்டினேன்.

இருட்டு. எதுவும் தெரியவில்லை.

இது துருப்பிடித்த சக்கரத்தின் அறை. சக்கரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் தண்ணீர் வரும். வடக்கு. இது மூச்சுக்குழி, மேலேயிருந்து காசளவு வெளிச்சம் விழும் என்று எழுதியிருந்தாள். "காசளவுன்னா எந்தக் காசு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வடக்கு. இருட்டு. வடக்கு. இருட்டு. திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. எனக்குள் ஒவ்வொன்றுக்கும் அவள் குரலில் நாலு வரி ஓடியது. இந்த அறையில் மூச்சு வாங்கிக்கொள்வாள், இந்த அறையில் குரலைத் தாழ்த்துவாள், குருட்டு நாய் வரும் அறையில் என்னைப் பயமுறுத்த மேசையைத் தட்டுவாள்.

இரண்டு வாய்க்கால்களின் அறைக்கு வந்தேன். பெருமையாக இருந்தது. மேற்கு என்று தட்டினேன்.

நீ விழுந்தாய். உன் பெயர் என்ன?

"செத்தீங்க," என்றேன் நானே, காலியான சமையலறையில். எழுந்து போய் டீ போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு டம்ளர் போடக் கை பழகவில்லை. இரண்டு டம்ளர் வந்தது. மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே ஒன்றைக் குடித்துவிட்டு மறுபடி முதல் படியிலிருந்து இறங்கினேன்.

கீழே. வடக்கு, வடக்கு, வடக்கு. வாய்க்கால். கிழக்கு. இருட்டு. உயிரோடு இருந்தேன். பெருந்தொட்டியின் விளிம்போடு தெற்கு. சாமான் அறைத் திரையில் எழுத்துகள் ஏறத் தொடங்கியதை மேடையிலிருந்தே பார்த்தேன். அவர்கள் வந்துவிட்டார்கள். கீழே. கீழே.

அடிக்கிணறு. இங்கே வெளிச்சம் இருக்கிறது.

இந்த அறையை அவள் எனக்கு வாசித்ததில்லை. எழுதி முடித்திருந்தாள், வாசிக்க நேரம் வரவில்லை. 'பூமியின் எல்லாக் குழாய்களும் வந்து வாய் மூடும் இடம் இது. தண்ணீர் இங்கே சத்தம் போடுவதில்லை. நீ பேசினால் உன் குரல் சற்றுத் தாமதித்துத் திரும்பி வரும்.' அதற்குக் கீழே தரையில் கிடந்த சாமான்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ரொட்டி, கயிறு, மண்குடம், மணி, பல், சாவி. கடைசியில்:

விளக்கக்கா இங்கே நிற்கிறாள். மூட்டை இங்கே நிற்கிறார், கையில் கோடரி. பல்லி சுவரோரம் நிற்கிறார்.

'யாரோ வந்திருக்காங்க,' என்றார் பல்லி. 'விளக்கில்லாம இவ்வளவு தூரம் எப்படி வந்தீங்க?'

'ஏங்கவா?' என்றார் மூட்டை. 'டீச்சரம்மா, அக்கா சொல்வாங்களே, இருங்க, ஏங்க டீ போட்டுட்டாரு, ஏங்க துணியத் தொலைச்சுட்டாருன்னு. அந்த ஏங்கவா சார் நீங்க?'

'ஆமாம்,' என்று தட்டினேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுபவன் நான். அவர்கள் காத்திருந்தார்கள். 'அடிக்காதீங்க. அவள் இறந்துவிட்டாள்.'



'சபாஷ்!' என்றார் பல்லி. 'மூட்டையாரே, அடுத்த படி வந்துடுச்சு. கோடரி இல்ல, இவர்தான் சாவி. ஏங்க சார், எந்த அறையில இறந்தாங்க?'

அவர்கள்மீது கோபம் வரவில்லை. அவள் அவ்வளவு நல்ல விடுகதைகள் போட்டிருந்தாள், அவ்வளவுதான்.

'மாடியில,' என்று தட்டினேன். 'எங்க வீட்டு மொட்டை மாடியில. மழை தூறுதுன்னு துணி எடுக்கப் போனா. திரும்பி வரல. இது விடுகதை இல்லீங்க.'



'அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க,' என்றார் பல்லி. 'அப்புறம்தான் பேசல.'

'ஆமாம்.'

'நான் அவங்க சமையலை...' என்று தொடங்கிய மூட்டை அதை அப்படியே விட்டுவிட்டார். அதன் பிறகு அவர் பேசியது இல்லை, விளையாட்டு சொன்னதுதான் வந்தது.

மூட்டை கோடரியைக் கீழே வைக்கிறார்.

மூட்டை உட்காருகிறார்.

பல்லி உட்காருகிறார்.

எனக்கு உட்காரத் தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன். அவளும் நின்றுகொண்டிருந்தாள். என்னிடம் ஆறுதல் சொன்னவர்கள் எல்லாரும் ஏதாவது பேசினார்கள். இவர்கள் பேசவில்லை. எங்கேயோ ஒரு பேருந்து டிரைவரும் எங்கேயோ ஒரு டீச்சரும் அவரவர் வீட்டில் இருந்தபடி என் மனைவியின் காலடியில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகுதான் அந்தப் பாதிச் சொல்லைப் பற்றிச் சொன்னேன்.

'எனக்குக் குடுக்கத்தான் வந்திருப்பாங்க,' என்றார் மூட்டை.

'அணைக்கத்தான். நான் சொன்னா கேப்பாங்க,' என்றார் பல்லி. அடுத்த வரியில், 'தெரியலை சார்,' என்றார்.

'விளக்கு உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க,' என்றேன். 'இல்லாம நீங்க மேல போக முடியாது. அந்தச் சொல்லை நான் முடிச்சுத் தர்றேன்.' இதைத் தட்டிவிட்டுச் சாமான் அறையைப் பார்த்தேன். அவர்கள் சரி என்றால் நான் போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். கொடு என்று இரண்டே எழுத்து. செய்திருப்பேன். சொன்ன சொல் அது.

'வேணாம் சார்,' என்றார் மூட்டை. 'நீங்க இருட்டுலதானே வந்தீங்க? அதே மாதிரி எங்களைக் கூட்டிட்டுப் போங்க.'

'கிழக்கு மேற்கு மட்டும் பாத்துச் சொல்லுங்க,' என்றார் பல்லி. 'அக்கா எங்களை எச்சரிச்சு வச்சிருக்காங்க.'

மூட்டை ஏங்கவைப் பின்தொடர்கிறார். பல்லி ஏங்கவைப் பின்தொடர்கிறார்.

மேலே என்று தட்டினேன். இருட்டு. அவர்களுக்கும் அதே வரிதான் வந்திருக்கும். அதனால் பெருந்தொட்டியைப் பற்றி அவள் எழுதியதை, நினைவிலிருந்தபடி, நானே தட்டிச் சொன்னேன். மூச்சுக்குழியில் காசளவு வெளிச்சம் என்றேன். 'எந்தக் காசு சார்?' என்றார் மூட்டை. தெரியாது என்றேன். எல்லா அறைக்கும் நிறைய நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வாய்க்கால் அறையில் இம்முறை தப்பு செய்யவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வருகிறார்கள். சில வாரம் ஒருவர்தான் வருவார், சில வாரம் யாரும் இல்லை. வந்தால் இருட்டில் நடக்கிறோம், நான் அறைகளைச் சொல்கிறேன். சொல் மாறிவிட்டால் பல்லி டீச்சர் திருத்துவார்: 'ஈர வாசனை இல்ல சார், துரு வாசனைன்னு எழுதியிருந்தாங்க.' புதிதாக யாராவது தப்பித்தவறி வந்தால் நாலு முறை இருட்டு என்று படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவள் தம்பி அந்தக் கணினிக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி வைத்துக்கொடுத்திருக்கிறான். மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்க ஒரு பேட்டரியும் வைத்திருக்கிறான். அதையும் தாண்டி ஒரு நாள் மின்சாரம் வராமல் போனால் எல்லாம் போகும் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னான். தெரியும் என்றேன்.

யாரும் வராத நாளில் நான் மட்டும் அடிக்கிணறு வரை இறங்குகிறேன். மூட்டை இறக்கிவைத்த சாமான்கள் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. போனதும் 'விளக்கைப் பார்' என்று தட்டுவேன். அந்தச் சனிக்கிழமை இருந்தபடியேதான் பதில் வரும்.

விளக்கு எரிகிறது. எண்ணெய் முக்கால் அளவு.